மயில் ஒயின்ஸ் மாஸ்டர்

செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டிகள் முடிகிற சந்தின் கடைசியில், பச்சைப் பலகை ஒன்றில் மயில் தோகை விரித்து நின்றது. மயிலுக்குக் கீழே பிராந்திக் கடை. கடையைத் தாண்டினால் பார். பாரைத் தாண்டினால் ஒரு வெள்ளைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு சமையற்கட்டில், சௌந்திரம் மூன்று வருடமாகக் குடல் வறுத்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தொன்றில் அரசாங்கம் மதுக்கடைகளை மறுபடி திறந்துவிட்டபோது, குமாரபாளையத்துச் சண்முகவேல் தறிகளை விற்றுவிட்டு மயில் ஒயின்ஸை ஆரம்பித்தார். எண்பத்துநாலுக்குள் சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஆறு கடைகள். ஆறிலும் ஒரே பச்சைப் பலகை, ஒரே மயில், ஒரே மாதிரி கல் மேஜை. “நாமக்கல்லுல ஒரு வாய் தின்னவன் சேலத்துல கண்ணை மூடிட்டு ஒரு வாய் தின்னா, இது மயிலுன்னு சொல்லோணும்” என்பது அவருடைய கொள்கை.

அந்த ருசி சௌந்திரத்தின் கையில் இருந்தது. மல்லியையும் மிளகாயையும் ஒரு கைப்பிடி அரிசியோடு வறுப்பாள். கொப்பரைத் தேங்காயைத் தணலில் புதைத்து, மேல் தோல் கருகி எண்ணெய் கசியும்போது எடுப்பாள். எல்லாவற்றையும் உரலில் இடித்து டின்களில் அடைத்தால், அந்த டின்கள் மண்டி லாரிகளில் ஏறி மற்ற ஐந்து கடைகளுக்கும் போகும். கொப்பரையைச் சுடுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். வேறு எவரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

அவள் புருஷன் மருதாசலம் குடித்தே செத்தவன். கடைகள் மூடிக் கிடந்த காலத்தில், எழுபத்தெட்டில், ஏரிக்கரையில் யாரோ விற்ற எதையோ வாங்கிக் குடித்தான். முதல் நாள் கண் போயிற்று. மூன்றாம் நாள் உயிர் போயிற்று. மகள் சாரதாமணியைக் கையில் பிடித்துக்கொண்டு சேலத்துக்கு வந்தவளுக்குக் கிடைத்த அடுப்பு இதுதான். குடியால் தாலியைப் பறிகொடுத்தவள் குடிக்கிறவர்களுக்கு வறுத்துக் கொட்டிப் பிழைத்தாள். எழுதியவன் கை கூசாமல் எழுதிய எழுத்து.

மகளிடம், “மண்டி ஆளுங்களுக்குச் சமைக்கற மெஸ்ஸு” என்று சொல்லியிருந்தாள். ராசிபுரம் பக்கம் பண்ணையம் பார்க்கும் அண்ணன் சின்னண்ணனிடமும் அதையே சொன்னாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் வீட்டைச் செவ்வாய்ப்பேட்டையில் பார்க்காமல், அஸ்தம்பட்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள். வேலைக்கென்று ஒரு புடவை சமையற்கட்டு ஆணியில் தொங்கும். மாலை ஏழு மணிக்கு அங்கேயே குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள்.

சமையற்கட்டுக்கு ஒரே கதவு, பின் சந்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தண்ணீர்க் குழாயைத் தேடி ஒரு குடிகாரன் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். அவன் ஒன்றும் செய்யவில்லை. அவளைப் பார்த்து, “அட, பொம்பளை” என்றுதான் சொன்னான். அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கே சண்முகவேலிடம் போய் நின்றாள். “மத்தியானம் கடை தொறந்ததும் வெளியே பூட்டீருங்க மொதலாளி. ஏழு மணிக்குத் தொறந்து உட்டாப் போதும்” என்றாள். ஆக, அந்தப் பூட்டை அவளேதான் கேட்டு வாங்கினாள். சாவி அவர் இடுப்புக் கொத்தில் தொங்கியது. எண்ணெய் திடீரென்று தீப்பிடிக்கிற நாளில் எந்தப் பக்கம் ஓடுவது என்று சில சமயம் நினைப்பாள். நினைத்துவிட்டு, கொப்பரையைத் திருப்பிப் போடுவாள்.

சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை உண்டு. அதில் ஒரு பலகை, பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சாக்குத் திரை. தட்டை வைத்துத் தள்ளிவிட்டு, கரண்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள். பரிமாறுகிற சடையன் வந்து எடுத்துக்கொள்வான். அவனுக்கு ஐம்பது வயது. வாய் மட்டும் இருபது. வெளியே அவளை ‘மாஸ்டர்’ என்பான், திரைக்குள் தலையை நீட்டினால் ‘அக்கா’.

“அக்கா, மூணாம் நம்பர் மேசை சொல்றான், நாமக்கல்லுல ஏத்துன லோடு இங்க வந்து எறங்கறதுக்குள்ள அதே ருசி முன்னால வந்து உக்காந்திருக்குதாம்.”

“சோடாவுல கேஸ் இல்லைன்னு ஒருத்தன் கத்துனானே, அவனுக்கு வேற குடுத்தியா?”

“குடுத்தேன். அதுலயும் இல்லை. இப்ப ஈரலைத் தின்னுட்டுச் சும்மா கெடக்கறான்.”

முகங்கள் அவளுக்குத் தெரியாது. குரல்கள் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்களும் மண்டிக்காரர்களும் பேசுவது அத்தனையும் அவள் காதில் விழும். “ராசிபுரத்துக் கடையில ஈரலு செருப்புத் தோலாட்டம் இருக்குது. டின்னு ஒண்ணுதான், ஆனா மாஸ்டர் கையி இங்கதானப்பா இருக்குது.” “இந்த மாஸ்டர் கேரளாக்காரனாமா?” “இல்லை, மிலிட்டிரியில சமைச்சவனாமா, மீசை இத்தத்தண்டி வெச்சிருக்கறானாமா.” சௌந்திரம் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். அவளை யாராவது பாராட்டும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் கதவுக்கு வெளியே இன்னொரு பூட்டு என்பது பின்னால்தான் புரிந்தது.

அந்தக் குரல்களில் ஒன்று தனி. செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு, வெல்ல ஏலம் முடிந்ததும் வருகிற குரல். கரகரப்பான, அவசரமில்லாத குரல். ஒரு குவார்ட்டரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சடையனுக்கே விட்டுவிடுகிற ஆள். அவர் வருவது சாப்பாட்டுக்கு. தட்டு காலியானால் ஆளைக் கூப்பிட மாட்டார். மோதிர விரலால் டம்ளரில் மூன்று முறை தட்டுவார். டக், டக், டக். ‘இன்னொரு தட்டு’ என்று அர்த்தம். சௌந்திரம் கரண்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள். ‘வருகிறது’ என்று அர்த்தம். சடையன் நடுவில் வாயே திறக்க வேண்டியதில்லை.

“ஊட்டுல கவிச்சி ஆகாதாம் அந்தாளுக்கு,” என்று சடையன் ஒருநாள் சொன்னான். “பையனுக்குச் சின்னதுல விசக்காய்ச்சல் வந்து பொழைச்சுதாம். அன்னியிலிருந்து பொண்டாட்டி சாமிக்கு நேந்துட்டு, வெறும் பருப்பும் ரசமுமா மொட்டைச் சட்டி ஆக்கிப்போடுதாம். இவரு குடிக்கறதும் அந்தம்மாவுக்குத் தெரியாது, திங்கறதும் தெரியாது.”

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சடையனிடம் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. “மாஸ்டர் இன்னிக்கு ஊட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கறாரு. ஒறைப்புல தெரியுது.” காலையில்தான் சாரதாமணியோடு வாய்த்தகராறு நடந்திருந்தது. சௌந்திரம் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அவள் பெற்ற மகளுக்குக்கூட அவள் மனசு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை, பலகையின் மேல் ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே, அவர் ஆலையில் காய்ச்சிய அச்சு வெல்லம் நாலு. “மாஸ்டருக்காமா,” என்றான் சடையன். “இனிமே சண்டை போடாம இருக்கச் சொன்னாரு.”

ஆடி கழிந்ததும் சின்னண்ணன் அஸ்தம்பட்டிக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“அம்மணி, எடம் ஒண்ணு அமைஞ்சிருக்குது. ஜேடர்பாளையம் பக்கம். ஆத்துப் பாசனத்துல கரும்புக் காடு, சொந்த ஆலை. ஒரே பையன், பேரு செங்கோடன். ரிக்கு வண்டி வெச்சு போர் போடறான். அப்பன் காளியண்ணன், தங்கமான மனுசன்.”

“நமக்கு ஒத்து வருமாண்ணா? நம்ம நெலைமை தெரியுமா அவங்களுக்கு?”

“எல்லாஞ் சொல்லீட்டேன். மச்சான் குடிச்சுச் செத்ததையும் மறைக்கலை. அந்தம்மா ஜானகியம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? செத்தவன் குத்தத்தைப் பொண்ணு தலையில போடறது பாவம்னுச்சு. ஆனா ஒண்ணு, நெம்ப சுத்தபத்தம். பிராந்திக் கடைச் சந்துல நடந்து வந்தவனைக்கூட வாசப்படி ஏத்தாது.” சின்னண்ணன் சிரித்தார். “நமக்கென்ன, நம்ம ஊட்டுலதான் இப்ப அந்த நாத்தமே இல்லையே.”

சௌந்திரம் காப்பி போட உள்ளே போனாள். அடுப்புக்கு முன்னால் வெகு நேரம் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பெண் பார்க்க வந்தார்கள். தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாதென்று, சௌந்திரம் சமையலறையிலேயே இருந்துகொண்டாள். பக்கத்து வீட்டுத் தெய்வநாயகிதான் சாரதாமணியைக் கூட்டிக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“புள்ளை என்ன படிச்சிருக்குது சாமி?”

கரகரப்பான, அவசரமில்லாத குரல்.

சௌந்திரத்தின் கையிலிருந்த டபரா நழுவிற்று. தரையில் விழுவதற்குள் முழங்காலில் தாங்கிக்கொண்டாள். சூடான காப்பி புடவையில் ஊறித் தொடையைச் சுட்டது. அவள் அசையவில்லை. வெளியே, நாற்காலிக் கையில் ஒரு மோதிரம் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து வழக்கத்தில், பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். சோற்றைத் தொட மாட்டார்கள். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று பொருள். அதன் பிறகு வேண்டாம் என்று சொன்னால் ஊர் காறித் துப்பும். அதே போல, சாப்பிட உட்கார்ந்தவர் பாதி இலையில் எழுந்துவிட்டால், அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வர மாட்டார்கள். அன்றைக்குக் காப்பியோடு எழுந்துபோனார்கள். நாலாம் நாள் சொல்லி அனுப்பினார்கள்: புதன்கிழமை கை நனைக்க வருகிறோம்.

சாரதாமணி அன்றிரவு தூக்கத்தில் சிரித்தாள். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. மகள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே தாய் விடியும்வரை விழித்துக் கிடந்தாள்.

மறுநாள் சண்முகவேலிடம் போனாள்.

“நான் நின்னுக்கறனுங்க மொதலாளி. பொண்ணுக்கு ஜேடர்பாளையத்துல எடம் அமைஞ்சிருக்குது.”

அவர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று பேசினார். “சந்தோசம்ங்கக்கா. ஆனா நிக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க. மாசியில உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரலை, ஞாபகம் இருக்குதுங்களா? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் ரெண்டு பேரு இடிச்சாங்க. ஆறு கடையிலயும் தட்டைத் திருப்பி அனுப்பிச்சாங்க. கை மாறிப்போச்சுன்னு லாரிக்காரனெல்லாம் சொல்றான். அன்னிக்கு நானே கார் எடுத்துட்டு உங்க தெருவுக்கு வந்தேனா இல்லையா?”

வந்தார். அன்றைக்கு அவரை மண்டி முதலாளி என்று சாரதாமணியிடம் சொல்லிச் சமாளித்தாள்.

“நீங்க ஜேடர்பாளையம் போனாலும் சரி, சீமைக்குப் போனாலும் சரி,” என்று அவர் அன்போடு சிரித்தார். “தேடி வந்து கையோட கூட்டியாந்துருவேன். என்ற ஆறு கடையும் உங்க ஒரு கையிலதான் இருக்குது.”

மயில் படம் போட்ட கார் ஜானகியம்மாள் வாசலில் போய் நிற்பது போல் ஒரு காட்சி அவள் கண்ணில் ஓடியது. சமையற்கட்டுக்குள் போனாள். வெளியே பூட்டு விழுந்தது.

புதன்கிழமைக்கு லீவு மட்டும் கிடைத்தது.

சமையலை யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஜானகியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்: சமையலுக்குப் பண்டாரி வைக்க வேண்டாம், பெண்ணைப் பெற்றவள் கையால் ஆக்கினால் போதும், தட்டைப்பயறு போட்ட கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும் இருந்தால் நிறைவு. எல்லோருக்கும் நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணமெல்லாம் சேர்ந்து அவள் கழுத்தை நெரித்தது.

நன்றாகச் சமைத்தால் காளியண்ணன் கண்டுபிடித்துவிடுவார். மூன்று வருடம் வாரத்துக்கு இரண்டு முறை தின்ற நாக்கு அது. சண்டை போட்ட நாளைக்கூடக் கண்டுபிடித்த நாக்கு. மோசமாகச் சமைத்தால், பெண்ணைப் பெற்றவளுக்கே சமைக்கத் தெரியவில்லை என்று ஜானகியம்மாள் முகத்தைச் சுளிப்பாள். இரண்டுக்கும் நடுவே ஒரு குழம்பு வைக்க வேண்டும். தின்னலாம், ஆனால் நினைவில் நிற்கக் கூடாது.

புதன்கிழமை காலை, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, சௌந்திரம் கொப்பரையைச் சுடாமல் பச்சைத் தேங்காயை அரைத்து ஊற்றினாள். கொதித்து இறக்கியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சோற்றுக்கு ஊற்றுகிற குழம்பு. பரவாயில்லை, இன்றைக்கு இதுவே போதும் என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். பின்கட்டில் குளிக்கப் போனாள்.

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்த சாரதாமணி குழம்பைக் கரண்டியில் எடுத்துச் சுவைத்தாள். அம்மாவின் குழம்பா இது? பாவம், கல்யாணப் பதற்றத்தில் அம்மா கொப்பரையை மறந்துவிட்டாள். எல்லா வேலையையும் தனியாகச் செய்கிறாளே என்று மகளின் கண் கலங்கிற்று. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு மூடிக் கொப்பரையைத் தணலில் புதைத்தாள். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியதுதான். மேல் தோல் கருகி எண்ணெய் கசிந்ததும் எடுத்து, அரைத்து, குழம்பில் கலந்து ஒரு கொதி விட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும்.

சௌந்திரம் குளித்து முடித்து வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். ஊதுபத்தி வாசனையும் பூ வாசனையும் வீடெல்லாம் நிறைந்திருந்ததில் அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. இலை போட்டாயிற்று. சோறு விழுந்தாயிற்று. “கொழம்பு கொண்டா அம்மணி” என்று சின்னண்ணன் குரல் கொடுத்தார். மூடியைத் திறந்தாள்.

சுட்ட கொப்பரையின் வாசனை முகத்தில் அறைந்தது.

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். சாரதாமணி வெட்கமும் பெருமையுமாகச் சிரித்தாள். விரல் நுனியில் கரி ஒட்டியிருந்தது.

வேறு குழம்பு இல்லை. கொட்டிக் கவிழ்க்கவும் நேரமில்லை. சின்னண்ணன் இரண்டாம் முறை கூப்பிட்டார். சௌந்திரம் தூக்கில் குழம்பை மொண்டு தெய்வநாயகியிடம் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். சொந்த வீட்டிலும் அவளுக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அதே ஆள்.

முதலில் கேட்டது ஜானகியம்மாளின் குரல். “கொழம்பு அமிர்தமா இருக்குதுங். எங்கூட்டுல இந்த வாசம் வந்ததே இல்லை.”

மற்றவர்களும் ஏதோ சொன்னார்கள். அந்தக் கரகரத்த குரல் மட்டும் எழவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது டம்ளரில் மோதிரம் பட்டது. டக், டக், டக்.

யோசித்துத் தட்டியது இல்லை அது. ருசியில் கிறங்கிய விரல் பழக்கத்தில் தட்டியது. யோசித்துச் செய்ததில்லை அவள் செய்ததும். கையிலிருந்த கரண்டி தானாக எழுந்து, குழம்புச் சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிற்று. டக்.

கையை வெட்டிப் போட்டால்கூடத் தேவலை போலிருந்தது.

“என்னுங் மாமா, கை நின்னுபோச்சு?” என்று சின்னண்ணன் கேட்டார். “ஏதாச்சும் கல்லுகில்லு கெடந்துச்சுங்களா?”

இலையிலிருந்து எழுந்துவிட்டால் முடிந்தது. மகளின் வாழ்வு அந்த இலையோடு சுருட்டி எறியப்படும். சாரதாமணி ஒன்றும் அறியாமல் அடுத்த பாத்திரத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இல்லை சாமி,” என்றது கரகரத்த குரல், மெதுவாக. “ஒண்ணுமில்லை. இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தச் சொல்லுங்க.”

கை கழுவக் காளியண்ணன் பின்கட்டுக்கு வந்தார். சௌந்திரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொம்பில் தண்ணீரோடு நின்றாள். அவளால் நிமிர முடியவில்லை. தண்ணீர் அவர் கையில் விழாமல் பக்கத்தில் விழுந்தது. அவர் வெள்ளை மீசையை ஒரு முறை துடைத்துக்கொண்டார்.

“மாஸ்டருங்களா?” என்றார், உதடு அசையாமல்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். “என்ற பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கண்ணா. அந்தப் புள்ளையைக் கைவிட்டுறாதீங்க. என்னை என்ன வேண்ணாலும் சொல்லுங்க.”

“என்ன சொல்றது தங்கச்சி?” வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் கூடத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தார். “மூணு வருசமா உங்க கையிலதான் கை நனைச்சுட்டு இருக்கறேன். இன்னிக்கு என்ன புதுசா?”

சௌந்திரத்தின் கண்ணிலிருந்து நீர் சொம்புக்குள் விழுந்தது.

“கல்யாணம் முடிஞ்சதும் நின்னுக்கறனுங்க.”

“நிக்காதீங்க. சண்முகவேலு உங்களைத் தேடிக் காரெடுத்துட்டுச் சம்பந்தி ஊடு வரைக்கும் வந்து நிப்பான். ஏன் நின்னாங்கன்னு நாலு பேரு கேப்பாங்க. நான் அங்க வாரது எங்கூட்டுல தெரியாது. நீங்க அங்க இருக்கறதும் தெரியக் கூடாது. நீங்க அப்படியே இருங்க. நான் நின்னுக்கறேன். சம்பந்தி வறுத்துக் குடுத்து, நான் அங்க உக்காந்து திங்கறது மொறையில்லை.”

கூடத்திலிருந்து ஜானகியம்மாள் கூப்பிட்டாள். அவர் போய்விட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சாரதாமணி ஜேடர்பாளையம் போனாள். அஸ்தம்பட்டி லைன் வீட்டில் சௌந்திரம் தனியானாள்.

செவ்வாய்க்கிழமைகள் வந்தன, மூன்று மணிகள் வந்தன, அந்த டம்ளர் சத்தம் வரவில்லை. மற்றவர்கள் தின்றார்கள், புகழ்ந்தார்கள், சோடாவைத் திட்டினார்கள். ஒரு வாரம் கை தவறி உப்பு அதிகம் விழுந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதற்காகவும் அழுதாள். தீபாவளி கழித்து ஒரே ஒரு முறை மகள் வீட்டுக்குப் போனாள். வாசலில் வந்து கையைப் பிடித்த ஜானகியம்மாள், “சம்பந்தியம்மா மேல என்னமோ ஒரு கவிச்சி வாசம் வருதுங்களே” என்றாள், சாதாரணமாகத்தான். மூன்று முறை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனவள் அவள். காளியண்ணன் சட்டென்று எழுந்து ஆலைப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு சௌந்திரம் போகவில்லை. “அம்மாவுக்கு என்னைப் பாக்கோணும்னே இல்லை” என்று சாரதாமணி மாமன் சின்னண்ணனிடம் சொல்லி வருத்தப்பட்டாளாம்.

தை பிறந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மணி மூன்று.

டக், டக், டக்.

எண்ணெய்ச் சட்டியில் போட்ட கரண்டியை எடுக்க மறந்து நின்றாள். திரைக்கு அந்தப் பக்கம் சடையன் உற்சாகமாகச் சிரித்தான். “எங்கீங்க ஆளையே காணோம்? மயிலை உட்டுட்டுக் குயிலுக்குப் போயிட்டீங்களாக்கும்னு நெனைச்சேன்.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் சடையா. ஒரு சோடா மட்டும் கொண்டா.” குரல் சற்று உயர்ந்தது. சுவரைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்கிற உயரம். “மாஸ்டர்கிட்ட ஒண்ணு சொல்லோணும். எங்கூட்டு மருமவ முழுவாம இருக்குது. மூணு மாசம்.”

“அட, இனிப்பு வாங்குங்க.”

“எங்க இனிப்புத் திங்கறது. புள்ளை ஒரு வாய் சோறு எறங்காம வாந்தியெடுத்துக் கெடக்குது. அதுக்குச் சுட்ட கொப்பரை போட்டு இடிச்ச பொடியில வெச்ச கொழம்பு வேணுமாமா. எங்கூட்டுல யாருக்கும் அந்தப் பக்குவம் வரலை. மாஸ்டர் ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தாருன்னா நெம்ப உபகாரமா இருக்கும்.”

“கடைப் பொடியை வெளிய குடுக்கறதில்லைங்களே. மொதலாளி கேட்டா?”

“கேட்டா என்ற பேரைச் சொல்லு.”

சௌந்திரம் ஓடிப் போய்க் கதவைத் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து, சுவரோட்டையில் வாயை வைத்து முதல் முறையாகக் கெஞ்சினாள். “சடையா, சித்தே கதவைத் தொறந்து உடு. பஸ் ஏறிப் போயிட்டு வந்துருவேன்.”

“சாவி மொதலாளி இடுப்புலக்கா. அவரு நாமக்கல்லுல. ஏழு மணிக்குத்தான் வருவாரு. அவசரமா எங்க போறீங்க?”

எங்கே என்று சொல்ல முடியவில்லை. ஏழு மணிக்கு மேல் போனாலும் ‘கவிச்சி வாசம்’ என்று ஜானகியம்மாள் வாசலிலேயே கேட்பாள். கதவுப் பலகையில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றாள். வெளியே பூட்டு, மறுபக்கம் சுவர். நாற்பது கல் தொலைவில் அவள் பெற்ற குழந்தை பட்டினி கிடந்தது. அங்கே போக அவளுக்கு இருந்த வழி அந்த ஒரு முழ ஓட்டை மட்டும்தான்.

டின்னில் இருந்த பொடியை எடுக்கவில்லை. புதிதாகக் கொப்பரையைத் தணலில் புதைத்தாள். மல்லியை வறுத்தாள், மிளகாயைப் பாதியாகக் குறைத்தாள், பிள்ளைத்தாய்ச்சிக்கென்று ஓமம் கொஞ்சம் சேர்த்தாள். உரலில் விழுந்த ஒவ்வொரு இடிக்கும் ‘கண்ணு, கண்ணு’ என்று மனசு அரற்றியது. முக்கால் மணி நேரம். சோடா ஒன்றை வைத்துக்கொண்டு காளியண்ணன் அத்தனை நேரமும் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பலகையில் வைத்து, ஒரு தட்டுத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வந்தார். இன்றைக்கும் சோடாதான்.

“சடையா, மாஸ்டர்கிட்டச் சொல்லு. மருமவ ரெண்டு தட்டு சாப்புட்டுச்சு. வயித்துல நின்னுச்சு.” சோடாப் புட்டியை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. “முதல் வாய் வெச்சதும், இது எங்கம்மா கையின்னு சொல்லி அழுதுருச்சு. மண்டியில ஒரு அம்மா இடிச்சு விக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.”

சடையன் விழுந்து விழுந்து சிரித்தான். திரையை விலக்கித் தலையை நீட்டினான். “கேட்டீங்களாக்கா? அந்தப் புள்ளைக்கென்ன தெரியும், மயில் ஒயின்ஸ் மசாலான்னு. நம்மளைப் போயி அவங்கம்மான்னு நெனைச்சிருச்சு பாருங்க.”

சௌந்திரம் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரப் பிள்ளை உண்டானதற்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டும். புளிப்புக் கேட்கிறாளா, இடுப்பு வலிக்கிறதா, ஏழாம் மாதம் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருபது பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டக், டக், டக்.

அவள் கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, வழக்கத்தில் இல்லாதபடி, இன்னொரு தட்டு. அவள் பேசக் கூடியது அவ்வளவுதான்.

“மாஸ்டர்,” என்று சடையன் திரைக்கு அப்பாலிருந்து கத்தினான், “அஞ்சாம் நம்பருக்கு ரெண்டு குடல்.”